இழுக்கும் முன்னே பங்கு போட்டேன், மதினி

அன்புள்ள என் அமலி மதினிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தேன். நீ பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். போனவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில் உங்கள் வேதம் என்ன சொல்கிறது, எங்கள் சாமிகள் என்ன சொல்கின்றன என்று நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதா, போட்டுக்கொண்டே வருவதா என்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்த மனுசன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெழுகுவத்தி காற்றில் நிற்கவே இல்லை. சுற்றிலும் உன் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் உன்னிடம் நான் என்ன பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். இது முக்கால்வாசி புலம்பல்தான், உனக்குப் பழக்கமானதுதான்.

படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் சொந்தம் இல்லை. நீ கடற்கரை வேதக்காரப் பெண், வலைக்கார வீடு. நான் நயினார்கோவில் பக்கத்தில் உழவு பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், கடலை முதன்முதலாகப் பார்த்ததே பெரியவள் ஆன பிறகுதான். இரண்டு ஆசிரியர் மட்டும் இருந்த அந்தப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த அன்று, உன்னை "மேடம்" என்று கூப்பிட்டேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "மேடமாம்ல. என் தம்பிக்கு உன்னையக் கட்டலாம்னு பாத்தா நீ முன்னாடியே கட்டிக்கிட்டு வந்துட்ட. போனாப் போகுது, மதினின்னே கூப்புட்டுக்க" என்றாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இப்படி ஒரு மதினி வாய்த்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பெண் வருகிறாள். உன்னுடைய நாலாவது, அஞ்சாவது வகுப்புகள் என் தலையில். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். உன் வகுப்புக் கிளாட்வினுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கரைவலைப் பாடத்தைப் பற்றி மேலே இருப்பவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருகிற கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் நான் அதை விளக்கிச் சொல்ல வேண்டுமாம். "உள்ளூர்ப் பண்பாட்டு அறிவின் வழியே கூட்டுக் கற்றல்" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால், கயிறு இழுத்ததற்கா இவ்வளவு நீளமாக ஒரு பெயர் என்று கேட்டிருப்பாய்.

நான் எப்படி விளக்குவது, மதினி? கண்ணால் பார்த்தது எனக்குத் தெரியும். வகுப்பை இரண்டு பக்கமாக உட்கார வைப்பாய். கரையில் வலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடிப்பார்கள் அல்லவா, அதுபோல. ஒரு பக்கம் அவசரப்பட்டு இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். அதனால் கணக்கோ கதையோ எதுவானாலும், முந்துகிற பிள்ளையைப் பார்த்து நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்பாய். "ஏலே, அந்தப் பக்கம் எங்கன நிக்கிதுன்னு பாத்தியா?" அவன் எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவான். வேலை கரையேறிய பிறகு, வலை இழுத்தவர்கள் மீனைப் பங்கு வைப்பதுபோல, "பங்கு வைங்கடா" என்பாய். யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். காய்ச்சலில் வராமல் போன பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. மறுநாள் அவன் வந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பக்கத்து அறையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே என் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். இது போதும், கடலும் பள்ளிக்கூடமும் ஒன்றுதான், நமக்கும் பிடிபட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பிடிபடவில்லை. அந்தப் பங்கு என்கிற ஒரு சொல்லிலேயே விழுந்தேன்.

எங்கள் வீட்டில் பங்கு என்றால் என்னவென்று உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? என் அய்யாவும் சித்தப்பாவும் பங்கு பிரித்தபோது ஒன்றாக இருந்த வீட்டின் நடுவில் சுவர் வைத்தார்கள். அடுப்பு அந்தப் பக்கம், கிணறு இந்தப் பக்கம். பங்காளி என்றால் எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில்தான் உன் சாவு வீட்டில் நான் செய்த கூத்தும். யாரோ ஒரு பெரியவர் வாசலில் நின்று, "பங்குல இருந்து எல்லாரும் வந்துட்டாகளா? பங்குச் சாமியார் வந்ததும் எடுத்துரலாம்" என்றார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உடம்பு வீட்டில் கிடக்கும்போதே சொத்துப் பங்கு பேசுகிறார்களே, அதற்கு ஒரு சாமியாரை வேறு கூப்பிட்டிருக்கிறார்களே என்று உன் நாத்தனாரிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் அழுகைக்கு நடுவிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்து, "பங்குன்னா எங்க கோயிலச் சேந்த சனம் டீச்சர்" என்று விளக்கினார்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரே சொல், எனக்குச் சுவர், உனக்குக் கோயில், கடற்கரையில் மீன். ஆனால் நான் எங்கே உஷாரானேன்?

உன் வகுப்பை ஏற்றுக்கொண்ட கொஞ்ச நாளில், நம் ஊர்ப் படம் வரையச் சொன்னேன். பெரிய சார்ட் அட்டை. கடல், மாதா கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு, உப்பளம் எல்லாம் வர வேண்டும். பிள்ளைகள் வழக்கம்போல இரண்டு பக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, "ஆளுக்கு ஒரு பங்கு, அவங்கவங்க பங்க அவங்கவங்க முடிக்கணும்" என்று கையில் கொடுத்துவிட்டேன்.

நீ இழுத்து முடித்த பிறகு பங்கு வைத்தாய். நான் இழுக்கும் முன்பே பங்கு போட்டேன். நிலத்துக்குத்தான் அப்படிச் செய்வோம்: முதலில் பிரிப்போம், பிறகு அவரவர் வரப்புக்குள் உழுவோம். வலையை யாராவது முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு அனுப்புவார்களா? இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு நின்றேன்.

துண்டுகளைச் சேர்த்து ஒட்டியபோது பள்ளிக்கூடத்து ரோடு நேராகக் கடலுக்குள் போனது. மாதா கோயில் கோபுரம் ஒரு துண்டில், கோயில் இன்னொரு துண்டில். "என் ரோட்ட எங்கன கொண்டுபோய் விட்ட?" "உன் கடலு ஏன் என் கடைக்குள்ள வருது?" என்று ஒரே கூச்சல். பங்காளிச் சண்டையை நானே கூட்டி வைத்திருந்தேன். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் மாரியின் துண்டைப் பார்த்தார்கள்.

மாரியை உனக்குத் தெரியும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண், நாலாம் வகுப்பு. அவள் பங்குக்கு உப்பளம் வந்திருந்தது. ஓரமாக நாலு கோடு இழுத்திருந்தாள். மற்றபடி அட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது.

"இவ ஒண்ணுமே வரையல டீச்சர்" என்றான் கிளாட்வின்.

"உப்பு வெள்ளையாத்தான இருக்கும்?" என்றாள் மாரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதில் கிளாட்வினுக்கு ரோசம் வந்துவிட்டது. "வேலை செய்யாதவுகளுக்குப் பங்கு கிடையாது. உங்க வீட்டுலயே பங்கு ஏது, கூலிதான" என்றான்.

அவன் கெட்ட பையன் இல்லை, மதினி. அவன் அப்பா வலைக்குப் போனால் பங்கு வாங்குகிறார், மாரியின் அப்பா உப்பு வாரினால் கூலி வாங்குகிறார். அவன் தெரிந்ததைச் சொன்னான். மாரி பென்சிலைப் பைக்குள் வைத்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் வேலையில் இருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே பேசினார்.

"படிப்ப நிறுத்தல டீச்சர். எங்க அக்கா வீடு ஊருப்பக்கம் இருக்கு, அங்கன கொண்டுபோய் விட்டுரலாம்னு இருக்கோம். இங்கன அவளுக்கு ஒத்துவரல."

"உங்கள விட்டுட்டு இருந்துக்குவாளா?"

"இருந்துதான ஆகணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பெற்ற பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவுக்கு ஆசை? அரையாண்டுப் பரீட்சை முடிகிற வரைக்குமாவது விடுங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்று கெஞ்சிக் கேட்டேன். "பாப்போம் டீச்சர்" என்றார்.

மாரி என்னைக் கொண்டுவிட ரோடு வரைக்கும் வந்தாள். அமலி டீச்சர் இருந்தபோது கரைவலைப் பாடத்தில் எவ்வளவு ஆசையாக இருப்பாய், இப்போது நான் செய்த தப்புக்கு நீ ஏன் போக வேண்டும் என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

"அமலி டீச்சர் இருக்கப்பவும் எனக்கு அது பிடிக்காது டீச்சர்."

"பிடிக்காதா?"

"எனக்கு வலையும் தெரியாது, கயிறும் தெரியாது. அவுக எல்லாரும் சிரிப்பாக, எனக்கு எதுக்குன்னே தெரியாது. அமலி டீச்சரப் பிடிக்கும். அதான் இழுத்தேன்."

இதை உன்னிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். இருக்கிறவர்களிடம் சொல்லவே யோசிக்க வேண்டிய பேச்சு, போனவளிடம் சொல்லி அவள் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உனக்குத் தெரியுமா, மதினி? அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் உன் முகத்துக்காக மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்தே இருந்ததா?

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. நானும் அப்படித்தானே? எனக்கு மட்டும் வலை தெரியுமா, கயிறு தெரியுமா? பக்கத்து அறையில் இருந்து தலையாட்டியதும், நீ சொன்னதற்கெல்லாம் சரி என்றதும் உன் மேல் இருந்த பிரியத்தில்தான். அப்படியானால் கூட்டத்தில் நான் எதை விளக்குவது? கரைவலையையா, உன்னையா? கரைவலையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். உன்னை எழுதிக் கொடுத்தால் யார் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் பள்ளியில் நடத்துவார்கள்? உள்ளூர் அறிவு என்கிறார்கள். எந்த உள்ளூர்? இந்தக் கரையில் இருந்து உப்பளம் கூப்பிடு தூரம். அங்கே இருந்து வந்த பிள்ளைக்கு இது வெளியூராக இருக்கிறது.

மாரி வந்தாள். அவள் அம்மாதான் அனுப்பினார். வந்தவள் இரண்டு பக்கத்திலும் சேராமல் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். "கயிறு பிடிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒன்றும் ஓடாமல் ஒரு நாள் வகுப்பையே கேட்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை என்ன? சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. கிழிந்த வலை பொத்துவது, கருவாடு காயப்போடுவது, திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மாரி சொல்லும்போது மட்டும் சத்தம் குறைந்தது.

"எங்க வீட்டுல சேந்து செய்ற வேலை இல்ல டீச்சர். அம்மாவுக்கு ஒரு பாத்தி, அப்பாவுக்கு ஒரு பாத்தி. சாப்புடறது மட்டும்தான் சேந்து."

"எப்படிச் சாப்புடுவீங்க?"

"எல்லாரும் உக்காந்த பெறகுதான் கை வைப்போம். அப்பா வர நேரமானாலும் சோறு அங்கனயே இருக்கும். யாரும் தொட மாட்டோம்."

கிளாட்வின் உடனே, "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றான். அது பொய். அவன் வீட்டில் யார் முதலில் அள்ளுவது என்று நடக்கிற சண்டை தெருவுக்கே கேட்கும். ஆனால் அவன் சொன்ன பொய்யில் எனக்கு என்னவோ அவன் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது.

அதை ஒரு பாடமாக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. "சரி, இனிமே இங்கனயும் அப்படியே இருப்போம். எல்லாரும் உக்காந்த பெறகு ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னேன். சொன்னதை மறந்தும் போனேன். பிள்ளைகள் மறக்கவில்லை.

போன வாரம் புது அட்டை கொடுத்தேன், வெட்டாமல் முழுசாக. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பற்றிப் போன் வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று, உரையைத் தாளில் எழுதித் தர வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. நாலு, அஞ்சாம் வகுப்பில் சத்தம் இல்லை என்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பயந்துபோய் ஓடினேன்.

எல்லோரும் தரையில் அட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. மாரி கிளாட்வினுக்குப் பக்கத்தில் இருந்தாள். பென்சில்கள் எல்லாம் அட்டையின் மேல் கிடந்தன. யாரும் தொடவில்லை.

"ஏன் ஆரம்பிக்கல?" என்றேன்.

"நீங்க இன்னும் உக்காரல டீச்சர்" என்றாள் மாரி.

அந்த அறையில் இருப்பது உன் நாற்காலி ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். வகுப்பை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து நான் அதில் உட்கார்ந்ததில்லை. நின்றுகொண்டேதான் பாடம் நடத்துகிறேன். கால் வீங்குகிறது என்று வீட்டில் திட்டு வேறு. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் உட்காரலாம் என்றால் இந்த மூட்டு மடங்காது. கிளாட்வின் எழுந்து போய் நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து அட்டைக்குப் பக்கத்தில் போட்டான். நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்தார்கள்.

அழுதேன். தூசி என்று சொன்னேன். நம்பியது மாதிரி இருந்தார்கள்.

இது உன் கரைவலையா, மாரி வீட்டுச் சோறா, என் தடுமாற்றமா, எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் இப்படி நடக்குமா என்றும் தெரியவில்லை. நேற்று மறுபடியும் ரோடு யாருடையது என்று சண்டை வந்தது. அதில் மாரியும் சேர்ந்து கத்தினாள். அதைக் கேட்டு ஒரு டீச்சர் சந்தோசப்படலாமா? நான் பட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் அம்மா பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். என்ன முடிவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும் டீச்சர்."

விட்டுரலாம் என்றவர் இப்போது போயிட்டு வரட்டும் என்கிறார். அவ்வளவு சந்தோசமாக வீட்டுக்கு நடந்து வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. நம் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? நீகூட மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வாரேன் மதினி, பிள்ளைகளப் பாத்துக்க" என்றுதான் சொன்னாய்.

பார்த்துக்கொள்கிறேன், மதினி. கூட்டத்தில் உன் பாடத்தைச் சொல்வேன். நான் கத்தரிக்கோல் எடுத்ததையும் சொல்வேன். உன்னைப் பிடித்ததால்தான் இழுத்தேன் என்று மாரி சொன்னதையும் மறைக்க மாட்டேன். உனக்கு அது குறைச்சல் இல்லை என்று நினைக்கிறேன். லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று மாரி வந்தால் கல்லறைக்கு வந்து சொல்கிறேன். வரவில்லை என்றாலும், அவள் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வந்து சொல்கிறேன்.

உன் தம்பியைக் கட்டாமலே உனக்கு வாய்த்த
மதினி வடிவு